இன்கியூபேட்டருக்குப் பக்கத்தில் தாய்க்கும் ஒரு கட்டில்

கிழக்குப் பல்கலைக்கழக சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தாருக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பச்சிளம் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் திட்டமிடுவோருக்கும் வணக்கம்.

வென்டிலேட்டர் வேண்டும், ஒட்சிசன் வேண்டும் என்று கேட்கப் பலர் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒரு கட்டில். குறைமாதப் பிள்ளை கிடக்கும் இன்கியூபேட்டருக்குப் பக்கத்திலேயே, பெற்றவள் படுப்பதற்கு.

பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை 1978இல் கொலம்பியாவில் தொடங்கியது. பிள்ளையின் நிலைமை தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதே நெடுநாள் வழக்கம். 2021இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகளைப் பார்த்தார்கள். தேறும்வரை காத்திருந்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவை 15.7 வீதம், பிறந்தவுடனேயே தொடங்கிய பிரிவில் 12. உடனே தொடங்கிய பிரிவில் நாளுக்கு ஏறக்குறைய 17 மணித்தியாலம் அணைத்திருந்தார்கள். தாய் வேறு விடுதியில் இருந்தால் இது நடக்குமா? மறு வருடமே உலக சுகாதார நிறுவனம், இயன்ற விரைவில் தொடங்குங்கள் என்றது. தானாக மூச்சு விட முடியாத பிள்ளைக்கும், வென்டிலேட்டர் தேவைப்படும் பிள்ளைக்கும், இரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலையில் உள்ள பிள்ளைக்கும் மட்டும் விலக்கு.

சரி, வெளிநாட்டு முடிவை அப்படியே நம்பலாமா? கூடாது. மூச்சுத்திணறிப் பிறந்து மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளை 72 மணித்தியாலம் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நல்ல சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் 408 பிள்ளைகளிடம் சோதித்தபோது, குளிர்வித்தவர்களில் 42 வீதம் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31. ஆகவே பீடத்தாரே, கங்காரு முறையையும் இங்கேயே அளந்து பாருங்கள். பொத்துவிலில் இருந்தும் வாகரையில் இருந்தும் அம்புலன்ஸில் வரும் பிள்ளைகளையும் சேருங்கள். தாய் வந்து சேர எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்பதைத் தவறாமல் குறியுங்கள்.

வீட்டாரும் இலேசில் விடமாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் படக்கூடாது, ஏசி அறையில் எப்படி இருப்பாள் என்று அம்மம்மா சரக்குத்தண்ணிப் போத்தலோடு வாசலில் நிற்பார். அவரை விரட்டாமல் உள்ளே கூப்பிட்டு விளக்குங்கள். தாய்க்குப் போர்வை கொடுங்கள். சத்திரசிகிச்சையால் தாய் எழும்ப முடியாவிட்டால் தகப்பனின் மார்பும் போதும். வெட்கப்படுவார்தான், பழகிவிடுவார்.

அடுத்த கட்டட வரைபடத்தில் கையொப்பம் இடுமுன், அந்தக் கட்டில்களுக்கும் ஒரு கழிப்பறைக்கும் இடம் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ மாது ஒருவர்,
களுவாஞ்சிக்குடி