மூன்றாம் வகுப்புக்கு எதற்குக் காதல் பாட்டு?

டெல்டா மாவட்டப் பள்ளிகளின் ஆண்டு விழாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டும் ஒரு மேடையில் அதே காட்சி. நடுவில் வாடகைத் தாவணியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி. ஆறு பையன்கள் வழிமறித்துச் சுற்றுகிறார்கள். ஒருவன் முந்தானையைப் பிடித்து இழுக்க, அவள் தலைகுனிந்து வெட்கப்பட வேண்டும். கீழே விசில்.

இது எப்படித் தயாராகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பல்லவியில் அவன் துரத்துவான், முதல் சரணத்தில் அவள் முறைப்பாள், இரண்டாவதில் சிரிப்பாள். நாலரை நிமிடப் பாட்டை டான்ஸ் மாஸ்டர் மூன்று நிமிடமாக வெட்டும்போது முதலில் போவது இடையிசையும் பாதிச் சரணமும்தான். ஆக, முறைத்த அரை நிமிடத்தில் சிரித்துவிடுகிறாள். 'வேண்டாம்' என்றால் இன்னும் கொஞ்சம் துரத்து என்று அர்த்தம்! ஒத்திகையில் நாளுக்கு 6 தடவை என்றால் 15 நாளில் 90 தடவை. வாய்ப்பாட்டைக்கூட நாம் இத்தனை தடவை சொல்ல வைப்பதில்லை. பிறகு குழாயடியில் ஒரு பையன் வழிமறித்து நின்றால் கூப்பிட்டுக் கண்டிக்கிறோம். மேடையில் நாம் கைதட்டியதைத்தானே அவன் செய்தான்?

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: ஐந்தாம் வகுப்பு வரை காதல் பாட்டு வேண்டாம்.

'கிராமிய நடனமும் வைக்கிறோமே' என்பீர்கள். அதுவும் சினிமா வயல்தான். டிராக்டர் ஓடும் ஊரில் பையன் தலைப்பாகையோடு ஏர் பிடிப்பான், பெண் கஞ்சிக் கலயம் சுமந்து வருவாள். இங்கே நாற்று நடுவதும் களை எடுப்பதும் யார்? நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்று பார்க்கிறாரே அந்தப் பிள்ளையின் அம்மா, அவர் சம்பா நடவுக்குக் குனிந்தவர். மேடையில் அவருக்குக் கிடைத்தது கலயம். அப்புறம் சிறப்பு விருந்தினர் எழுந்து பெண் கல்வி பற்றி 40 நிமிடம் பேசுவார். அதற்கும் கைதட்டுவோம்.

நீட்டிவிட்டோம், மன்னியுங்கள்.

2024 முதல் படங்களுக்கு யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்துச் சான்று தருகிறார்கள். பாட்டு எந்தப் படத்துடையது, அதற்கு என்ன சான்று என்றாவது பாருங்கள். மாஸ்டரிடம் கொடுக்குமுன் வரிகளைத் தாளில் எழுதி, இசையில்லாமல் ஆசிரியர் அறையில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வாசிக்கக் கூசினால் விட்டுவிடுங்கள். கோலாட்டம் வைக்கலாம்: 12 பிள்ளைகள், 24 கோல், உள்வட்டம், வெளிவட்டம். விழாவன்று ஒருவர் வராவிட்டால் ஜோடி உடையும் என்பதால் இரண்டு பேரைக் கூடுதலாகப் பழக்குங்கள். பையன், பெண் என்று பிரித்து நிறுத்த வேண்டிய அவசியமே அதில் இல்லை.

அடுத்த விழாவுக்குப் பாட்டுப் பட்டியல் போடும் முன், 'ஐந்தாம் வகுப்பு வரை காதல் பாட்டு இல்லை' என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்