பாவா பாணியும் கோண்டாவில் வளவும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் வீட்டுப் படமும் கிடைத்தன. காலமெல்லாம் படம் கீறியே பென்சன் எடுத்தவனிடம் வீட்டுப் படத்தை அனுப்பிவிட்டு "சும்மா ஒருக்கால் பார்" என்று எழுதுகிறாயே, சும்மா பார்க்க முடியுமா? மூலை மூலையாகப் பார்த்தேன். நீயும் அவவும் ரொறன்ரோக் குளிரை விட்டுவிட்டு கோண்டாவில் வளவில் வந்து இருக்கப்போகிறீர்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம். படம்தான் வயிற்றைக் கலக்கியது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, அலுமினியச் சட்டம், மேலே தட்டையான கொங்கிறீற், வாசலில் குட்டித் தடாகம். இவ்வளவையும் கீறிவிட்டு மூலையில் "பாவா பாணி வீடு" என்று படம் கீறிய அந்தத் தம்பி எழுதியிருக்கிறார்.

பாவா யார், ஏன் எல்லாரும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஜெப்றி பாவா என்ற இலங்கைக் கட்டடக்கலைஞர் அவர். சொல்கிறேன். ஆனால் அவரிலிருந்து தொடங்கினால் கதை கோணலாகப் போய்விடும். கண்டியில் தொடங்க வேண்டும், மினெட் டி சில்வா என்ற பெண் கட்டடக்கலைஞரிலிருந்து.

1918இல் பிறந்தவர். தகப்பன் அரசியல்வாதி, தாய் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நின்றவர். மகளும் லேசுப்பட்டவர் இல்லை. பம்பாயில் கட்டடக்கலை படிக்கும்போது காந்தியை விடுதலை செய்யக் கேட்ட கூட்டத்துக்குப் போனார், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார், கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு பெங்களூரில் கட்டடக்கலைஞர் ஒட்டோ கொனிக்ஸ்பெர்கரிடம் வேலை, அப்புறம் லண்டனில் படிப்பு. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர்தான். உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயோடு கடிதத் தொடர்பும் நட்பும் இருந்தன. ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பார். தகப்பன் கூப்பிட்டார், 1949இல் கண்டிக்குத் திரும்பிவிட்டார்.

அவர் கட்டிய முதல் வீடு கண்டி மலைச்சரிவில் இருக்கும் கருணாரத்ன வீடு. 1951இல் முடிந்தது. கொங்கிறீற் தூண், கண்ணாடிக் கல், சரிவோடு இறங்கும் தளங்கள், இதெல்லாம் வெளிநாட்டில் படித்த படிப்பு. கதவுக்கு வா. கண்டிக்குக் கிட்டத் தும்பறைப் பக்கத்தில் பரம்பரையாகப் பாய் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? ஹண என்ற செடியின் இலையைச் சுரண்டி நார் எடுத்து, சிவப்பும் கறுப்புமாகச் சாயம் போட்டு, தறியில் வைத்து நெய்வார்கள். யானை, மான், பறவை எல்லாம் கோடும் கட்டமுமாக வரும். அந்த நெசவை அவர் கதவுச் சட்டத்துக்குள் பலகைக்குப் பதிலாக வைத்தார். உருவம் பதித்துச் சூளையில் சுட்ட மண் ஓடுகளையும் சேர்த்தார். சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். இதில் முக்கியமான விசயம், முடிந்த வீட்டில் கொண்டுவந்து மாட்டிய அலங்காரம் இல்லை இவை. கதவின் அளவே நெசவின் அகலத்தைப் பார்த்து எழுந்ததுபோல இருக்கும். நெய்கிறவருக்கும் சூளைக்காரருக்கும் கட்டட வேலையில் கூலியும் இடமும் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே அவர் எழுதியும் வைத்தார்.

கண்டியில் வட்டப்புலுவையில் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் போட்டபோது இன்னொன்று செய்தார். குடும்பங்களிடம் கேள்விப் படிவம் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எங்கே படுப்பீர்கள், சாமி எங்கே என்றெல்லாம் கேட்டுத்தான் கீறினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் வந்து இருந்த இடம் அது. 1950களில் இங்கே வேறு யார் அப்படிக் கேட்டார்கள்? படம் கீறிய தம்பி உன்னிடம் குசினியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா?

கடைசியில் அவருக்குக் கிடைத்ததைச் சொல்ல மனம் வருவதில்லை. 1996இல்தான் இலங்கைக் கட்டடக்கலைஞர்கள் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். 1998இல் கண்டியில் கையில் காசில்லாமல் இறந்துபோனார். கட்டியவற்றில் நிறைய இன்று இல்லை.

இப்போது பாவா. 1919இல் பிறந்து, கேம்பிறிஜில் ஆங்கில இலக்கியம் படித்து, வழக்கறிஞராகி, அந்தத் தொழில் பிடிக்காமல் ஊர் சுற்றி, 1948இல் பெந்தோட்டைக்குக் கிட்ட லுனுகங்க என்ற றப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் திருத்தப்போய்த்தான் கட்டடத்தில் ஆசை வந்தது. திரும்ப லண்டன் போய்ப் படித்து 1957இல் கட்டடக்கலைஞராகும்போது வயது 38. பிந்தி வந்தவர், ஆனால் வசதியோடு வந்தவர். உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க்காரர், 1958இல் மினெட்டிடம் வேலைக்கு வந்தவர், அடுத்த வருடம் பாவாவிடம் போய்ச் சேர்ந்தார். கண்டியில் பிறந்த யோசனை கொழும்புக்கு வந்த வழிகளில் அது ஒன்று என்று நான் நினைக்கிறேன். பாவாவின் பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவருடைய கண் பெரிய கண். ஆனால் முதல் அடி வேறொருவருடையது.

பாவாவின் வேலையை ஆக்கியது பாதி அவர் கண் என்றால் மீதி அந்நியச் செலாவணி. 1960களின் தொடக்கத்தில் அரசாங்கத்திடம் டொலர் இல்லை, இறக்குமதிக்குப் பூட்டு. பெரிய கண்ணாடியும் இரும்பும் கதவுப் பிடியும்கூடக் கிடைக்காது. 1970களில் இன்னும் மோசம், பாணுக்கு வரிசையில் நின்றது உனக்கும் மறந்திருக்காது. உள்ளூரில் இருந்தது மண், மரம், கருங்கல், சுண்ணாம்பு, ஓடு. ஆனபடியால் கண்ணாடி இல்லாத இடத்தில் மரச் சலாகை வந்தது, அதையும் விட்டுச் சுவரையே திறந்து முற்றம் வந்தது. கொழும்பில் ஒரு வைத்தியருக்கென்று கட்டி, பிறகு தன் அலுவலகமாகவே பாவா வைத்துக்கொண்ட வீட்டில் தூண்கள் தென்னங்குற்றி. இப்போது அது ஒரு கபே, கோப்பி விலைதான் நெஞ்சை அடைக்கும்.

கூரையைச் சொல்லாமல் விட முடியாது. அரைவட்ட நாட்டு ஓடு அழகு, வெக்கையை இறக்காது, ஆனால் காகமும் குரங்கும் அசைத்துவிட்டால் ஒழுகும், வருசத்துக்கு வருசம் ஆள் பிடித்து மாற்றி அடுக்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ் நெளிதகடு ஒழுகாது, பார்க்க அசிங்கம், உள்ளே சூடு. பாவாவும் பிளெஸ்னரும் தகட்டைக் கீழே போட்டு, அதன் நெளிவுக்குள் ஓட்டைப் பதித்தார்கள். மழையைத் தகடு பார்த்துக்கொள்ளும், வெயிலை ஓடு பார்த்துக்கொள்ளும், ஓடும் இடம் மாறாது. இவ்வளவுதான். இந்தத் தீவின் கட்டடக்கலையில் எனக்கு ஆகப் பிடித்த கண்டுபிடிப்பு இது. (அஸ்பெஸ்ரஸ் தூசு நுரையீரலுக்குக் கூடாது என்று பிறகு தெரியவந்தது. நீ வேறு தகடு போடு.)

பாவா கட்டிய, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வீடு 1962இல் கொழும்பில் முடிந்தது. நகரத்துச் சின்னக் காணி. தெருவுக்குச் சுவரைக் காட்டிவிட்டு உள்ளே நடுமுற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள். புத்தகங்களில் அந்த வீட்டின் தளப்படத்தைப் போட்டு, கண்டி வளவு வீடு, ஒல்லாந்தர் வீடு என்று பெரிய பெரிய மூலங்களைச் சொல்வார்கள். எனக்கு முதல் தரம் பார்த்தபோது உன் அப்பாச்சியின் நாற்சார் வீடுதான் ஞாபகம் வந்தது. தலைவாசல், நடுவில் முற்றம், நாலு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை, மூலைப் பீலியில் மழைத்தண்ணீர் விழும் கிடாரம். நாங்கள் அதை வைத்திருந்தோம், பழசு என்று இடித்துப் பிளாற் போட்டோம். அந்த ஈனா வீட்டின் காணி 2009 அளவில் கைமாறியபோது, வீட்டைக் கல்லுக்குக் கல் இலக்கமிட்டுக் கழற்றி லுனுகங்கவில் திரும்ப நிறுத்தினார்கள்.

கைவினைக்காரர்கள் இந்த வேலைகளில் பிறகும் இருந்தார்கள். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் முன்மண்டபத்துக்கு ஈனாவின் பத்திக் (மெழுகுச் சாயம்) கூரைத்துணி, பார்பரா சன்சோனியின் கைத்தறி, லக்கி சேனநாயக்கவின் சிற்பங்கள். இறக்குமதி இல்லாத நாட்டில் இவர்கள்தான் இறக்குமதி.

எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். பாவாவின் நிறுவனத்தில் பங்காளியாக இருந்து கணக்குப் போட்டவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். படங்களுக்குக் கீழே பாவா பெயர் இருக்கும், அந்தக் கூரை விழாமல் நிற்பதற்கு இவர் பொறுப்பு. பொறியியலாளரைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியதையும் இதோடு சேர். எங்கள் சுண்ணக்கல்லை உடைத்து எரித்துத்தான் தீவின் நவீனத்தில் ஒரு பெரும் பங்கு வார்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் பாவாவின் கை இருக்கிறது, மதுரைக் கிளப் 1970களின் முதல் பாதியில் அவர் கட்டியது.

எல்லாருக்கும் பாவா வழி பிடித்ததும் இல்லை. அதே நிறுவனத்தில் இருந்த வலன்டைன் குணசேகர, பழைய ஓட்டையும் முற்றத்தையும் நினைத்து உருகுவதை விட்டுவிட்டு கொங்கிறீற்றில் புதிதாக ஏதாவது செய்வோம், நடுத்தர வகுப்புக்குக் கட்டுவோம் என்று நின்றவர். தங்காலைக் குடா ஹோட்டல் அவருடையது. வெற்றி பெற்றது பாவாதான், உல்லாசப் பயணிக்கு ஓடு பிடிக்கும். ஆனால் குணசேகரவின் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த அழகான வீடுகள் எழுந்த அத்தனை வருசமும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் அப்படியேதான் இருந்தன.

பாவாவின் கோட்டே பாராளுமன்றம் 1979இல் தொடங்கி 1982இல் திறந்தது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் செப்புக் கூரைகள். அது எழுந்துகொண்டிருந்த 1981இல்தான் இங்கே யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதற்குமேல் அந்தக் கட்டடத்தை ரசித்து எழுத எனக்கு வராது.

சரி, உன் படத்துக்கு வருவோம். பாவா கட்டியது தென்மேற்கில். கொழும்பில் இங்கு பெய்வதைப்போல இரண்டு மடங்கு மழை. அங்கே குளம் தானாக நிரம்பும். கோண்டாவிலில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போனால் தண்ணீர் கிணற்றில்தான். தடாகத்தில் நீ வளர்க்கப்போவது தாமரையை இல்லை, டெங்கு நுளம்பை. முகப்புக் கண்ணாடி மேற்கைப் பார்க்கிறது. பின்னேரம் மூன்று மணிக்கு விறாந்தையில் இருக்கமாட்டாய், ஏசி அறைக்குள்தான் இருப்பாய், கரண்ட் பில்லை எனக்கு அனுப்பாதே. கையில் இருப்பதையும் வெயிலையும் பார்த்துக் கட்டியவரின் பெயரை, கப்பலில் வந்த சாமானுக்கு ஒட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றால் கொழும்பில் மகாவலிக் கட்டடம் என்று இப்போது சொல்லும் பழைய ஈட்டு வங்கி மாடியைப் போய்ப் பார்க்கச் சொல் அந்தத் தம்பியை. 1970களின் கடைசியில் பாவா கட்டியது. மாடிக் கட்டடத்திலேயே யன்னலுக்குக் கீழால் காற்று உள்ளே வர வழி விட்டிருக்கிறார்.

நான் கீறினால் இப்படிக் கீறுவேன். சோழகக் காற்று வரும் பக்கம் ஆழமான விறாந்தை. நடுவில் சின்ன முற்றம், பேரப்பிள்ளைகள் நனைய. மேற்கில் குசினியும் சாமான் அறையும், யன்னல் உயரத்தில். கூரை சரிவாக, பீலி போட்டு மழைத்தண்ணீரைத் தொட்டிக்கு. இடிந்த வீட்டின் பனந்தீராந்திகள் வளவின் பின்பக்கம் அடுக்கிக் கிடக்கின்றன, போன கிழமை போய்த் தட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் வைரம். அவற்றை விறகுக்குக் கொடுக்காதே என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த மேசன் ஒருவர் இணுவிலில் இருக்கிறார். வயது போய்விட்டது, கை போகவில்லை.

இங்கே மற்றப்படி சுகம். இவவுக்கு முழங்கால் வருத்தம் குறைந்திருக்கிறது, மாடி ஏறுவதில்லை. சின்னவள் மெல்பேணில் வேலை மாறிவிட்டாள், ஆனியில் வருகிறாளாம். எங்கள் வகுப்பு ஆட்கள் வெள்ளிக்கிழமைகளில் சந்திப்பது இன்னும் நடக்கிறது, ஆனால் கதை முழுக்க மருந்து. நீ வந்தால் கொஞ்சம் அரசியலாவது கதைக்கலாம்.

வளவின் அளவைப் படத்தை அனுப்பு, கிணறும் மரங்களும் குறித்து. அந்தக் கறுத்தக்கொழும்பான் மாவை யாரும் தொடக்கூடாது என்று இன்றைக்கே தம்பிக்கு எழுது. அவர் படத்தில் அந்த இடத்தில் கார் நிற்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்