பாடாங் வழக்கில் என் வாபஸ் மனு

அன்புள்ள முத்துவுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. வீட்டில் எல்லாரும் நலம். இன்று எழுத உட்கார வைத்தது நம்முடைய பழைய பாடாங் வழக்குதான்: மலாயாவின் விடுதலை பிறந்தது கோலாலம்பூரின் பாடாங் திடலிலா, அரங்கத்திலா என்ற வாதம்.

போன வாரம் ஒரு வேலையாக நம் பாடாங், அதாவது இன்றைய டத்தாரான் மெர்டேக்கா (விடுதலைச் சதுக்கம்) பக்கம் போயிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் செங்கல் வளைவுகளுக்கு இடையே வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. செப்புக் குவிமாடத்தின் அடியில் ஒரு புறாக்கூட்டம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. புல்லோரம் நின்றபோது, லெபோ அம்பாங் கடையில் நீ மேசையைத் தட்டி வாதாடியது காதில் விழுந்தது. விடுதலை பிறந்தது இந்தத் திடலில் என்பது உன் கட்சி, மெர்டேக்கா அரங்கத்தில் என்பது என் கட்சி. முதல் பிரதமர் துங்கு 1957 ஆகஸ்டு 31 காலையில் பிரகடனத்தை வாசித்தது அரங்கத்தில்தான். அதை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் முந்தைய நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இறங்கி மலாயாக் கொடி ஏறியது பாடாங்கில். அதற்கு முன் இரண்டு நிமிடம் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்களாம். உன் அப்பா அந்த இருட்டைப் பற்றிச் சொன்னபோதெல்லாம், "மாமா சினிமாக் கதை சொல்கிறார்" என்று கேலி செய்தவன் நான். பழைய செய்திகளைத் தேடிப் படித்த பிறகுதான் அவர் ஒரு சொல்லைக்கூட மிகைப்படுத்தவில்லை என்பது புரிந்தது. அவர் இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு வாதத்திலும் எனக்குச் சறுக்கல். அது வெள்ளைக்காரன் புல், நம்மவர் வேலிக்கு வெளியே நின்றவர்கள் என்று எத்தனை முறை முழங்கியிருப்பேன்! சீனர்கள் காய்கறி பயிரிட்ட சதுப்பு நிலத்தைச் சமப்படுத்தி, போலீஸ் அணிவகுப்புக்கும் பிறகு கிரிக்கெட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். 1884-இல் தொடங்கிய, திடலை ஒட்டிய சிலாங்கூர் கிளப், அதாவது செல்லப்பெயரில் உன் அருமைப் 'புள்ளி நாய்', பெரும்பாலும் துரைமார்களின் இடமாகவே இருந்தது. ஆயினும் அதன் தொடக்ககால உறுப்பினர்களில் பத்துமலை முருகன் கோயிலுக்கு வழிகண்ட தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். வேலிக்கு உள்ளே யார் நின்றார்கள் என்பதை நிறத்தோடு பணமும் அந்தஸ்தும் சேர்ந்தே தீர்மானித்திருக்கின்றன. எனக்குத் தோதான பாதியை மட்டும் நான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன்.

எதிரே இருக்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் அப்படித்தான். 1897-இல் முடிந்தபோது அரசுச் செயலகம். அந்த ஆண்டு விக்டோரியா அரசியின் வைரவிழா அணிவகுப்புக்காகத்தான் மணிக்கூண்டு முதன்முதலில் அடித்தது. அறுபது ஆண்டு கழித்து அதே மணிக்கூண்டின் எதிரே அவர்களுடைய கொடி இறங்கியது. அரசிக்காக முதலில் அடித்த கடிகாரத்துக்கு இப்படியும் ஒரு வேலை வாய்த்தது என்று நினைத்தபோது, நடுத்தெருவில் தனியாகச் சிரித்துவிட்டேன்.

இப்போது 95 மீட்டர்க் கொடிக்கம்பம் நிற்கிறது. 1990-இல் திடலின் பெயரும் டத்தாரான் மெர்டேக்கா என்று மாறிவிட்டது. கிளப்பின் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் புக்கிட் கியாராவுக்குப் போய்விட்டார்கள். நமக்கு மட்டும் அது பாடாங்தான்.

ஒரு சந்தேகம். அந்த இரவு அப்பா நின்றது கிளப் பக்கமா, மணிக்கூண்டுப் பக்கமா? இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தால் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் எதிர்க்கட்சி வக்கீல்