திரி முதலில் நனையட்டும், செல்வம்

லெஸ்டர்
18.1.2026

அன்புள்ள செல்வம்,

பொங்கல் வாழ்த்து மூன்று நாள் தாமதமாக வருகிறது, பொறுத்துக்கொள். தீபாவளிக்கு நீங்கள் வந்துபோன பிறகு உனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. நைட் ஷிப்ட், சின்னவளுக்குப் பரீட்சை என்று நாள் ஓடிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். கீதாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கோபி மூன்றாவது வீடு வாங்கிவிட்டான். அந்த ஹாஸ்டல் கடனை இன்னும் தரவில்லை, அதை நீதான் கேட்கவேண்டும். உன் பேச்சுக்குத்தான் அவன் பயப்படுவான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இரவு தங்கச்சி மலர் போன் செய்தாள். ஒரே வாரத்தில் உன் வேப்பில், அதாவது மின்சிகரெட்டில், நிக்கோட்டின் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில் மூன்று கருகிவிட்டதாம், நீ வேப்பைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பெட்ரோல் பங்கில் இறங்கி சிகரெட் பாக்கெட் வாங்கினாயாம். "அண்ணா, ரெண்டுதான் பிடிச்சாரு, மிச்சம் காரிலேயே இருக்கு" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நீ சண்டைக்கு வருவாய், நானும் வருவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படி.

உன்மேல் கோபம் இல்லைடா. கருகிய காயிலை வாயில் வாங்கியவனுக்குத்தான் அது தெரியும். அடிப்பிடித்த பாலில் ஈரத்துணியைப் போட்டு எரித்த மாதிரி ஒரு நாற்றம், தொண்டையில் அரை நாள் நிற்கும். அந்த நேரத்தில் பழைய சிகரெட் நல்ல நண்பன் மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டரை வருடம் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவன் நீ. மூன்று பவுண்டுக் காயிலுக்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது.

தீபாவளிக்கு வந்தபோது ஒரு காயிலைக் கழற்றி எங்கள் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? மலர் போனை வைத்ததும் அதை எடுத்து கட்டிங் பிளேயரால் பிளந்து பார்த்தேன். வெளிப்பக்கத்துப் பஞ்சு டீத்தூள் நிறம். அதை விலக்கினால் உள்ளே கம்பிவலை. வலையின்மேல் கரும்பழுப்பாக ஒரு படிவு, வெல்லப்பாகு சட்டியின் அடியில் பிடித்துக் காய்ந்த மாதிரி. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. வலையை ஒட்டியிருந்த பஞ்சு மட்டும் அடுப்புக்கரி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்த பஞ்சு இன்னும் ஈரம். அதாவது டேங்கில் லிக்விட் இருந்திருக்கிறது, கம்பி சூடாகிற இடத்துக்கு அது வந்துசேரவில்லை.

உறையூர் வீட்டில் உன் பாட்டி கார்த்திகைக்கு விளக்கு வைப்பதை யோசித்துப் பார். மதியமே திரிகளை எண்ணெயில் ஊறப்போட்டுவிடுவார்கள். நாம் அவசரப்பட்டு உலர்ந்த திரியைக் கொளுத்தினால் கையைத் தட்டிவிடுவார்கள். எண்ணெய் ஏறிய திரியில் எண்ணெய்தான் எரியும். ஏறாத திரியில் திரியே எரியும். காயில் அதேதான். பஞ்சு நனைந்திருக்கும்வரை கம்பியின் சூட்டை லிக்விட் ஆவியாகி எடுத்துக்கொண்டு போய்விடும். லிக்விடில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். ஈரம் தீர்ந்த நொடியில் சூட்டைத் தூக்கிப்போக ஆளில்லை. கம்பி கிடுகிடுவென்று சூடேறி, பஞ்சு கரியாகும். ஒரு தடவை கரியானால் முடிந்தது. வெந்நீரில் கழுவினால் இனிப்புப் படிவு கொஞ்சம் போகும், கருகிய பஞ்சு திரும்பாது.

ஆகவே புதுக் காயிலை மாட்டும்போது பஞ்சு தெரியும் ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டு லிக்விட் விடு. அப்புறம் மாட்டி, டேங்கை நிரப்பி, நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடி. பத்து நிமிடம். உன்னால் பத்து நிமிடம் சும்மா இருக்க முடியாது என்பது மெஸ் வரிசையிலேயே தெரிந்த விஷயம், ஆனாலும் இரு. பட்டன் வைத்த மாடல்தானே உன்னுடையது, பட்டனை அமுக்காமல் இரண்டு மூன்று தடவை மெதுவாக இழு, லிக்விட் உள்ளே ஏறும். லிக்விட் மட்டம் அந்த ஓட்டைகளுக்குக் கீழே இறங்கவிடாதே. இங்கே பிரிட்டன் சட்டப்படி டேங்க் 2 மில்லிதான், நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் காலியாகும்.

இதெல்லாம் உனக்குப் பாதி தெரியும். பின்னே எப்படி ஒரே வாரத்தில் மூன்று போனது என்று மலரிடம் துருவித் துருவிக் கேட்டேன். புத்தாண்டு அன்று, மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள லிக்விடிலிருந்து நேராக 6க்கு இறங்கினாயாம். எங்களிடம் சொல்லாமல் வைராக்கியமாகச் செய்திருக்கிறாய். செல்வம், அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

6இல் உனக்குப் போதவில்லை. உடம்பு பழைய அளவைக் கேட்கும். அதனால் இழுப்பு கூடியிருக்கிறது. மேட்ச் கடைசி ஓவரில் நீ மூச்சுவிடாமல் இழுப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு இழுப்புக்கு நடுவில் அரை நிமிடமாவது விட்டால்தான் பஞ்சு மறுபடி நனையும். அதோடு, அந்த 6 பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 70 சதவீதம் கிளிசரின். பெரிய டேங்குக்கு உரிய கெட்டி லிக்விட் அது. உன் குட்டி வேப்பின் சின்ன ஓட்டையில் தேன் மாதிரி தயங்கித் தயங்கித்தான் இறங்கும், அதுவும் ஜனவரிக் குளிரில், இரவெல்லாம் காரில் கிடந்த பிறகு. உனக்கு விற்ற கடைக்காரர் எந்த மாடல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசியாக, போதவில்லையே என்று வாட்டை 22க்கு ஏற்றியிருக்கிறாய். காயிலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் பார், 0.8 ஓம், 12 முதல் 16 வாட் என்று இருக்கும். அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு எண்ணெயைக் குறைத்த கதை. காயிலில் ஒரு குற்றமும் இல்லை. சீக்கிரம் விட்டுவிடவேண்டும் என்ற உன் நல்ல எண்ணம்தான் அதைக் கருக்கியிருக்கிறது.

திரும்ப 20க்குப் போ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த மெல்லிய லிக்விட் வாங்கு, வாட்டை 12இல் தொடங்கு, சுவை சரியாக வந்த இடத்தில் நிறுத்து. அந்த மாம்பழ ஐஸ்கிரீம் வகையறாவை விட்டுவிடு. அந்த இனிப்பு பெரும்பாலும் சுக்ரலோஸ், சூட்டில் ஆவியாகாமல் கம்பியில் பாகாக உட்கார்ந்துகொள்ளும். நான் பிளந்த காயிலில் இருந்தது அதுதான். சாதாரண மின்ட் பிடி. எனக்கு இப்போது ஒரு காயில் இரண்டு வாரம் தாராளமாக வருகிறது.

2025 ஜூன் 1இலிருந்து தூக்கியெறியும் வேப்பைத் தடை செய்தார்கள் அல்லவா, அதற்கு முன் உனக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கருகுவதற்குள் குப்பைக்குப் போய்விடும், அடுத்ததை வாங்குவாய். இப்போது நாமே மெக்கானிக். அந்தக் கைப்பழக்கத்தை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கு நான் இருந்திருக்கவேண்டும், மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்று, இதை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள். கருகல் வாடை வந்தபிறகு "காசு கொடுத்து வாங்கியது" என்று இழுத்துக்கொண்டே இருக்காதே. கிளிசரின் அளவுக்குமீறிச் சூடானால் அக்ரோலின் வரும். எண்ணெய்ச் சட்டி புகையும்போது கண்ணைக் கரிக்குமே, அது. பார்மால்டிஹைடும் வரும், நம் ஜுவாலஜி லேப் பாட்டில்களில் தவளை மிதந்த அதே சரக்கு. சுவை கெட்டதும் கழற்றி எறி. பையில் எப்போதும் ஒரு புதுக் காயில் வைத்திரு. நேற்று உன் பையில் ஒன்று இருந்திருந்தால், பெட்ரோல் பங்கில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு போயிருப்பாய்.

வேப் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. சின்னவள் தொட்டால் கையை உடைப்பேன். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்வதும் அதுதான்: சிகரெட்டைவிடத் தீங்கு மிகக் குறைவு, ஆனால் தீங்கே இல்லை என்று கிடையாது, புகைக்காதவர்கள் தொடவே வேண்டாம். நமக்கு அது ஒரு படி. தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவற்றைவிட நிக்கோட்டின் வேப் அதிகம் பேரைச் சிகரெட்டிலிருந்து விடுவிக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பே சொல்கிறது. எங்கள் லெஸ்டரில் புகை விட உதவும் சேவைக்காரர்கள் 2014இலேயே வேப்போடு வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் அங்கேதான் போனேன். 20, 10, 6, 3 என்று ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு மாதம் உட்கார வைத்தார் அந்த அம்மா. "இழுப்பு கூடினால் அவசரப்பட்டு இறங்கிவிட்டாய் என்று அர்த்தம்" என்பார். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சேவை இருக்கும், பார்மசியில் கேள். இந்த மாதிரி கருவியை 2003இல் உருவாக்கிய ஹான் லிக் என்ற சீன மருந்தாளரும் கடும் புகைப்பழக்கக்காரர்தான், அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். நம் ராஜு இருந்திருந்தால் நாமே இதை அவன் கையில் கொடுத்திருப்போம். அன்று ஆஸ்பத்திரி படிக்கட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்கமாட்டாய்.

மார்ச்சில் அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறாய் என்றாள் மலர். வேப்பைக் கொண்டுபோகாதே. 2019 சட்டப்படி இந்தியாவில் விற்பது, இறக்குமதி எல்லாமே தடை, முதல் தடவைக்கே ஓராண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம்வரை போகலாம். சிங்கப்பூர் வழியாகப் போவதாக இருந்தால் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். மண்டபத்துக்குப் பின்னால் மச்சான்மார் பாக்கெட்டை நீட்டுவார்கள், அந்த இடம்தான் எனக்குக் கவலை. இப்போதே டாக்டரிடமோ பார்மசியிலோ ஒட்டுப்பட்டை பற்றிப் பேசி, கிளம்புமுன் பழகிக்கொள். அங்கே மெடிக்கல் ஷாப்பிலும் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை காரில் வருகிறேன், பதினொன்றுக்குள் வந்துவிடுவேன். மெல்லிய லிக்விட் இரண்டு பாட்டில், காயில் ஒரு பெட்டி, என் பழைய வேப் ஒன்று, எல்லாம் எடுத்துவருகிறேன். முதல் காயிலை நான் மாட்டித் தருகிறேன், அடுத்ததை நீ என் கண்முன்னால் மாட்டு. அதுவரை காரில் இருக்கும் பாக்கெட்டை மலரிடம் கொடுத்துவை. குப்பையில் போடாதே, ராத்திரி நீயே போய் எடுப்பாய், பைனல் இயர் மாதிரி.

கீதா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள். மலரை வத்தக்குழம்பு வைக்கச் சொல்.

உன்,
பாஸ்கர்