கொரிய மொழியில் காரணம் சொல்வது: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வின் இரண்டாம் பிரிவுக்குப் பதிவு செய்துவிட்டாய் என்பதிலும் எனக்கு ரொம்ப சந்தோஷம். காரணம் சொல்வதற்கு மட்டும் கொரிய மொழியில் ஏன் இத்தனை விகுதிகள், எதை எங்கே போடுவது என்று கேட்டிருந்தாய். நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒரு ஏற்பாடு. ஹங்குல் என்னும் கொரிய எழுத்துகளை இங்கே தமிழில்தான் எழுதப்போகிறேன். ஒ, உ என்று குறில் வந்தால் உதடு குவியாத உயிர். ஓ, ஊ என்று நெடில் வந்தால் உதடு குவியும் உயிர். நெடில் என்பதற்காக இழுத்துச் சொல்லாதே.

நீ அனுப்பிய வாக்கியங்களைப் பார்த்தேன். பிழைகள் பலவானாலும் வேர் ஒன்றுதான். மனசுக்குள் ‘வந்ததால்’, ‘பெய்வதால்’ என்று எழுதிக்கொண்டு அதற்கு நேரான கொரிய விகுதியைத் தேடுகிறாய். நம் ‘ஆல்’ மிகவும் தாராளமானது. இறந்தகாலமும் ஏற்கும், எதிர்காலமும் ஏற்கும். ‘மழை பெய்வதால் குடை எடுத்துக்கொள்’ என்று பின்னால் ஏவலும் வரும். ‘நீங்கள் உதவியதால் நன்றி’ என்றால் கொஞ்சம் இடறும், ஆனாலும் புரிந்துவிடும். இவ்வளவு இடங்களுக்கும் பொருந்துகிற ஒற்றை விகுதி கொரிய மொழியில் இல்லை. ஆனால் நாம் பேசும்போது இந்த ‘ஆலை’ எவ்வளவு குறைவாகச் சொல்கிறோம் என்று கவனி. ‘மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்துடுச்சு’, ‘மலிவா இருக்கேன்னு வாங்கினேன்’, ‘லேட்டாயிடுமோன்னு ஆட்டோ பிடிச்சேன்’ என்றுதானே சொல்கிறோம். இந்த மூன்றுக்கும் கொரிய மொழியில் மூன்று தனி விகுதிகள் உண்டு. எழுத்துத் தமிழை விட்டுப் பேச்சுத் தமிழ் வழியாகப் போ, பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் -அசொ / -ஒசொ. இதற்கு நிகர் நம் வினையெச்சம்: நனைந்து, போய், களைத்து. ‘பிருல் மஜாசொ கம்கியே கொல்லியொஸ்ஸொயோ’ என்பது ‘மழையில் நனைந்து சளி பிடித்தது’. ‘ஷிஜாங்-ஏ காசொ சாக்வாருல் ஸாஸ்ஸொயோ’ என்பது ‘சந்தைக்குப் போய் ஆப்பிள் வாங்கினேன்’. இரண்டாவதில் காரணமே இல்லை, வரிசைதான் இருக்கிறது, விகுதி அதேதான். நம் வினையெச்சமும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ‘போய்’, ‘நனைந்து’ என்பவற்றில் நாம் காலத்தை மாற்றுவதில்லை அல்லவா, அதுபோல -அசொவுக்கு முன்னும் இறந்தகால -அஸ் / -ஒஸ் வராது. ‘நிறைய சாப்பிட்டதால் வயிறு வலிக்கிறது’ என்பதற்கு நீ ‘மொகொஸ்ஸொசொ’ என்று எழுதியிருக்கிறாய். சரியானது ‘மானி மொகொசொ பெகா அப்பாயோ’. கொரியர்கள் சிலர் பேச்சில் அந்த வடிவத்தைச் சொல்வதை நீ கேட்கக்கூடும். தேர்வில் அது பிழை.

-அசொவின் அடுத்த கட்டுப்பாடு வாக்கிய முடிவில் இருக்கிறது. முடிவில் ஏவலோ, ‘செய்வோம்’ என்ற அழைப்போ, ‘செய்யலாமா’ என்ற யோசனையோ வந்தால் -அசொ வரக்கூடாது. அங்கே -னிக்கா / -உனிக்கா போடு. ‘பிகா ஓனிக்கா ஊசானுல் கஜொகாசேயோ’: மழை பெய்கிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள். இது இறந்தகாலமும் ஏற்கும். ‘மொகொஸ்ஸுனிக்கா’ சரியான வடிவம். நன்றி, மன்னிப்பு, சந்திப்பில் மகிழ்ச்சி ஆகிய மூன்றுக்கும் நேர்மாறு: -அசொ மட்டும்தான். ‘நுஜொசொ மியான்ஹம்னிதா’, ‘தோவாஜூஷொசொ கம்சாஹம்னிதா’, ‘மன்னாசொ பன்கப்சும்னிதா’. இவற்றில் -னிக்கா போட்டால் மன்னிப்பே கெட்டுவிடும்.

ஆகவே கொரிய வாக்கியம் அமைக்கும்போது கடைசி வினையை முதலில் முடிவு செய். ஏவலா, அழைப்பா, நன்றியா, வெறும் செய்தியா என்று தெரிந்த பிறகு காரண விகுதிக்கு வா. பேசத் தொடங்கியபின் முடிவை யோசித்தால் அநேகமாகத் தவறான விகுதியில்தான் மாட்டிக்கொள்வாய். தனிச் சொற்களுக்கும் இதே சட்டம். ‘குரெசொ’ (அதனால்) என்று வாக்கியத்தைத் தொடங்கினால் பின்னால் ஏவல் வராது. ‘குரொனிக்கா’ (ஆகவே) என்று தொடங்கினால் வரும்.

மரியாதை விஷயத்தில் நீ அதிகக் கவனம் வைக்கவேண்டிய இடமும் இதுதான். மேலாளர் ‘வே நுஜொஸ்ஸொயோ?’ (ஏன் தாமதம்?) என்று கேட்டால் ‘ச்சாகா மக்கியொசொயோ’ என்று சொல்: வண்டிகள் நெரிசலாகி, அதான். அதையே ‘மக்கியொஸ்ஸுனிக்காயோ’ என்றால் இலக்கணம் நிற்கும். ஆனால் ‘நெரிசல்தானே, பின்னே எப்படி வருவேன்’ என்று எதிர்த்துப் பேசுவதுபோல் விழும். -னிக்கா சொல்பவர் தன் தீர்ப்பைக் காரணமாக முன்வைக்கிறார், -அசொ சொல்பவர் நடந்ததைச் சொல்கிறார். பெரியவர்கள் முன்னால் சந்தேகம் வந்தால் -அசொ பக்கம் சாய்ந்துகொள்.

-னிக்காவுக்குக் காரணமே இல்லாத ஒரு வேலையும் உண்டு. ‘ஜிபே கானிக்கா அமூதோ ஒப்ஸொஸ்ஸொயோ.’ இதை ‘வீட்டுக்குப் போனதால் யாரும் இல்லை’ என்று படித்துக் குழம்பியிருக்கிறாய். நாம் ‘வீட்டுக்குப் போனா, யாருமே இல்ல’ என்கிறோமே, அந்தப் ‘போனா’தான் இது. போய்ப் பார்த்தபோது தெரியவந்த ஒன்று. இந்தப் பொருளில் மட்டும் -னிக்காவுக்கு முன் இறந்தகாலம் சேர்க்காதே.

விகுதி ஒட்டும்போது வினையடி மாறும் இடங்களையும் பார்த்துக்கொள். வினையடியின் கடைசி உயிர் அ, ஓ என்றால் -அசொ, மற்றவற்றுக்கு -ஒசொ, ‘ஹாதா’ (செய்தல்) மட்டும் ‘ஹெசொ’. தொப்தா (வெப்பமாக இருத்தல்) ‘தொவொசொ’, ‘தொஊனிக்கா’ ஆகும். மொல்தா (தொலைவாக இருத்தல்) ‘மொரொசொ’, ஆனால் ‘மொனிக்கா’: ன் ஒலிக்கு முன் ல் விழுந்துவிடும். துத்தா (கேட்டல்) ‘துரொசொ’, ‘துருனிக்கா’. பப்புதா (வேலையாக இருத்தல்) ‘பப்பாசொ’, ‘பப்புனிக்கா’. மோருதா (தெரியாதிருத்தல்) ‘மோல்லாசொ’, ‘மோருனிக்கா’. இந்த ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் மற்ற வினைகள் பெரும்பாலும் இவற்றின் வழியே போகும்.

-கி தெமூனே எழுத்து நடைக்கும் அலுவலகப் பேச்சுக்கும் ஏற்றது. காலம் ஏற்கும், ஏவல் ஏற்காது. இதில் பெயர்ச்சொல்லோடு ஒரு பொறி இருக்கிறது. ‘ஹக்செங் தெமூனே’ என்றால் ‘மாணவரால்’: அந்த மாணவர் ஏதோ செய்துவிட்டார். ‘ஹக்செங்-இகி தெமூனே’ என்றால் ‘மாணவர் என்பதால்’. நடுவில் வரும் அந்த ‘-இகி’ நம் ‘என்பது’ செய்யும் வேலையைச் செய்கிறது. நீ ‘மாணவர் என்பதால் கட்டணம் குறைவு’ என்று எழுத நினைத்து அதை விட்டுவிட்டாய். வாக்கியம் மாணவர் மேல் பழி சுமத்துவதுபோல் ஆகிவிட்டது. பேச்சில் இதே இடத்துக்கு ‘ஹக்செங்-இராசொ’ போதும்.

நல்லது நடந்தால் தெமூனே விட ‘தொக்பூனே’ சொல். ‘உங்க புண்ணியத்துல’ என்கிறோமே, அதேதான். ‘சொன்செங்னிம் தொக்பூனே’ தேர்ச்சி பெற்றேன் என்றால் ஆசிரியர் மகிழ்வார். கெட்டது நடந்து யார்மீதாவது, எதன்மீதாவது பழி போட வேண்டுமானால் ‘தாசே’.

இனி, அதிகம் தடுமாறவைக்கும் இரண்டு. -னுராகோ என்பது ‘அதைச் செய்யறதுலயே இது விட்டுப்போச்சு’ என்ற பொருள். ‘கோங்பூஹானுராகோ ஜொன்ஹ்வாருல் மோத் பதாஸ்ஸொயோ’: படிப்பிலேயே மூழ்கியதில் போனை எடுக்க முடியவில்லை. இதற்கு நிபந்தனைகள் கறாரானவை. இரண்டு வினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வினை தானாக விரும்பிச் செய்யும், நேரம் பிடிக்கும் செயலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். விளைவு பெரும்பாலும் நட்டமாக இருக்க வேண்டும். காலமும் ஒட்டாது, ஏவலும் வராது. எனவே ‘மழை பெய்வதிலேயே நான் வரவில்லை’ என்று சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது, எழுவாய் வேறு. ‘விழுந்ததில்’ என்றும் முடியாது, யாரும் விரும்பி விழுவதில்லை. நட்டம் இல்லாமல் வரும் ஒரு நல்ல வழக்கு உண்டு, மனப்பாடம் செய்துகொள்: தூரத்திலிருந்து வந்தவரிடம் ‘ஓசினுரா கோசெங்ஹாஷொஸ்ஸொயோ’, வந்து சேர்வதற்குள் ரொம்பச் சிரமப்பட்டிருப்பீர்கள்.

-னுன் பரமே இதற்கு எதிர்த் திசை. எதிர்பாராமல் வந்து விழுந்த ஒன்றால் காரியம் கெட்டது. ‘பொசுருல் நோச்சினுன் பரமே ஹக்கியோயே நுஜொஸ்ஸொயோ’: பஸ்ஸைத் தவறவிட்டதில் பள்ளிக்குத் தாமதம். எழுவாய் வேறாகவும் இருக்கலாம். ஆனால் செயல்வினை மட்டுமே ஏற்கும். ‘குளிராக இருந்ததால்’ என்பதற்கு இது வராது, தாசே வரும். பஸ் போனது நேற்றாக இருந்தாலும் ‘-னுன்’ மாறாது. தமிழர்கள் இங்கே இறந்தகாலப் பெயரெச்சத்தைப் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் ‘தவறவிட்ட’ என்றுதான் நமக்கு வருகிறது. நேற்று என்பதைக் கடைசி வினை சொல்லிவிடும். டோபிக் இரண்டாம் பிரிவு வாசிப்புத் தாளில் 3, 4-ஆம் கேள்விகள் அடிக்கோடிட்ட பகுதிக்கு நிகரான வடிவத்தைக் கேட்கும். பரமே, தாசே இரண்டையும் ஜோடியாக வைத்துப் படி.

இப்போது தொடக்கத்தில் சொன்ன பேச்சுத் தமிழ் வாக்கியங்கள். ‘மலிவா இருக்கேன்னு நிறைய வாங்கினேன்’: ‘ஸாகில்லே மானி ஸாஸ்ஸொயோ’. நான் வெளியே கண்ட ஒன்று என்னைச் செய்யத் தூண்டியது என்பதால் முன்பாதியில் ‘நான்’ எழுவாயாக வராது, பின்பாதியில் வருவது அநேகமாக நான்தான். இந்த -கில்லே நீண்டகாலம் பேச்சு வழக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது. எழுத்தில் -கியே மட்டும் சரி என்றார்கள். 2011-இல் தேசியக் கொரிய மொழி நிறுவனம் ‘ஜ்ஜஜாங்மியொன்’ (ஒரு நூடுல்ஸ் உணவு) உட்பட 39 சொற்களைத் தரமொழியில் சேர்த்தபோது இதையும் சேர்த்தது. ஆனாலும் கட்டுரையில் எழுதாதே, பேச்சுச் சாயல் போகவில்லை.

‘லேட்டாயிடுமோன்னு டாக்ஸி பிடிச்சேன்’: ‘நுஜுல்க்கா ப்வா தெக்ஷிருல் தாஸ்ஸொயோ’. நம் ‘-மோன்னு’ அப்படியே பொருந்துகிறது. இதன் பின்னும் ஏவல் வராது. ‘தாமதமாகிவிடும், டாக்ஸியில் போங்கள்’ என்று சொல்ல ‘நுஜுல் தேனிக்கா’ வேண்டும். இந்தத் தேனிக்கா பிறரைப் பற்றி வந்தால் ஊகம், ‘நான்’ எழுவாயானால் வாக்குறுதி: நான் பாத்திரம் கழுவுகிறேன், நீ உட்கார்.

‘மழை வேற பெஞ்சுதா, வீட்டிலேயே இருந்துட்டேன்’ என்பதற்கு ‘பிதோ ஓகோ ஹெசொ ஜிபே இஸ்ஸொஸ்ஸொயோ’: பல காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்வது. ‘வெயிலாலயோ என்னவோ பசியே இல்ல’ என்பதற்கு ‘தொவொசொ குரொன்ஜி’. அழைப்பை மறுக்க வேண்டிய இடத்தில் இவை இரண்டும் மென்மையானவை, எனக்கு மிகவும் பிடித்தவை.

முடிவில் ஒட்டும் இரண்டு: -கொதுன்யோ எதிரில் இருப்பவர் அறியாத காரணத்தைச் சொல்வது, -ஜனாயோ அவர் அறிந்ததை நினைவூட்டுவது, நம் ‘பெய்யுதுல்ல’ போல. முதலாவதை வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டால் பாடம் நடத்துவதுபோல் இருக்கும்.

அறிவிப்புப் பலகைகளில் -முரோ பார்ப்பாய்: ‘கோங்சா ஜூங்-இமுரோ’, வேலை நடப்பதால். செய்தியில் ‘போகூரோ இன்ஹே’, கனமழை காரணமாக. படித்துப் புரிந்தால் போதும்.

டோபிக்கின் எழுதும் பகுதிக்கு வருகிறேன். 50 நிமிடம், 4 கேள்விகள் (51 முதல் 54 வரை), 100 மதிப்பெண். 52-ஆம் கேள்வியின் பத்தியில் ‘வெனியாஹாம்யொன்’ (ஏனென்றால்) என்று தொடங்கும் வாக்கியத்தில் கோடிட்ட இடம் இருந்தால் முடிவு ‘-கி தெமூனிதா’ என்றே இருக்க வேண்டும். அந்த ஜோடியை நீ பிரித்துவிட்டாய். 53-ஆம் கேள்வி 200 முதல் 300 எழுத்துக்குள் புள்ளிவிவரத்தை விளக்குவது, 30 மதிப்பெண். அங்கே மாற்றத்துக்குக் காரணம் சொல்ல ‘இரொஹான் பியொன்ஹ்வாஎ வொனினுரோனுன் ... துல் சூ இத்தா’ (இத்தகைய மாற்றத்துக்குக் காரணமாக ... குறிப்பிடலாம்) என்ற சட்டகத்தை வைத்துக்கொள். நடுவில் காரணங்களைப் பெயர்ச்சொல்லாகச் சுருக்கிப் போடு. 54-ஆம் கேள்வி 600 முதல் 700 எழுத்து, 50 மதிப்பெண். அங்கே -கி தெமூனே, -அசொ, ஓரிரு இடத்தில் -முரோ. -னிக்கா, -கில்லே, -கொதுன் மூன்றும் வேண்டாம், பேச்சு நடை என்று மதிப்பெண் குறையும்.

53-ஆம் கேள்விக்குப் பழைய தாள் ஒன்றை எடுத்து எழுதி, படமெடுத்து அனுப்பு. கடைசி வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு அனுப்பினால் எனக்குத் திருத்தச் சுலபம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி