ஹால் எல்லாம் மண்டபம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான மொழிபெயர்ப்புச் சிறுகதையில், லண்டனில் ஒரு சிறிய வீட்டுக்குள் நுழையும் நாயகன், சொட்டச் சொட்ட நனைந்த குடையை 'மண்டபத்தில்' சாய்த்துவிட்டு, மழைக்கோட்டைக் கழற்றி அங்கிருந்த கொக்கியில் மாட்டுகிறான். இரண்டு அறை வீட்டில் மண்டபம் ஏது என்று சற்றே திகைத்த பிறகுதான், மூலத்தில் 'ஹால்' என்று இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கியது.

இன்றைய ஆங்கிலேயரின் வீட்டில் ஹால் என்பது தெருக்கதவைத் திறந்ததும் வரும் குறுகலான நடை. மாடிப்படியும் மற்ற அறைகளும் அதிலிருந்தே பிரியும். நாம் சோபாவும் தொலைக்காட்சியும் போட்டு ஹால் என்று அழைப்பதை அவர்கள் லிவிங் ரூம் என்பார்கள். உண்மையில் சொல்லின் பழைய பொருளை ஒட்டி நிற்பவர்கள் நாம்தாம். இடைக்கால இங்கிலாந்தில் ஹாலே வீட்டின் தலையாய அறை. நடுவே நெருப்பு மூட்டி, எசமானரும் ஏவலரும் ஒன்றாக உண்டதும், ஏவலர் பலர் இரவில் படுத்ததும் அங்கேதான். தனித்தனி அறைகள் பெருகப் பெருக, அது வாசல் நடையாகச் சுருங்கிவிட்டது. பழைய விரிவு, 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், 1802-இல் விருந்துக் கூடமாகக் கட்டப்பட்ட நம் ராஜாஜி ஹால் போன்ற பெயர்களில் தங்கியிருக்கிறது. அங்கெல்லாம் மண்டபம் என்று எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நாட்டுப்புறச் செல்வரின் மாளிகை முழுவதற்கும் அங்கே ஹால் என்று பெயர் உண்டு. மாணவர் விடுதிக்கும் அதே பெயர்தான். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்களுக்குச் சேலையூர் ஹாலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. (நம் 'ஹால் டிக்கெட்'டை லண்டன் மாணவனிடம் சொன்னால், எந்தக் கச்சேரிக்கு என்று கேட்டாலும் கேட்பான்.)

எனவே அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து வைப்பதற்கு முன், அந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டும். குடையும் செருப்பும் கிடந்தால் அது நடை. தஞ்சைப் பக்கத்தில் ரேழி என்போம். இடைகழி என்ற அழகான பழஞ்சொல்லும் இருக்கிறது. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார்கள் மூவரும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று நெருங்கி நின்றதாகச் சொல்லப்படுவது ஓர் இடைகழியில்தானே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.