தேனீ வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலையவைத்தது பெட்டிகளை இடம் மாற்றும் வேலை. பூ முடிந்துவிட்டது, பக்கத்து வயலில் மருந்தடிக்கிறார்கள், இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று காரணங்கள் பல. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நெடுந்தூரம் போன பெட்டிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. ஒரே தோப்புக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தியவற்றில்தான் சேதம் அதிகம். மேய்ச்சலுக்குப் போகும் தேனீயின் நினைவில் பதிந்திருப்பது பெட்டி நின்ற இடம். சில நூறு மீட்டர் தள்ளி வைத்தால், அது பழைய இடத்துக்கே திரும்பி வந்து, அங்கேயே கொத்தாகக் கூடி மடிந்துபோகிறது. ஆகவே ஒரு தடவைக்கு ஒரு மீட்டருக்குள் நகர்த்துங்கள்; இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். இடைப்பட்ட தூரம்தான் வேண்டும் என்றால், முதலில் தொலைவான இடத்தில் மூன்று வாரமாவது வைத்திருந்து, அப்புறம் எடுத்து வருவது நல்லது.

அடுத்தது சூடு. புழு அறையைத் தேனீக்கள் சுமார் 35 டிகிரியில் காத்து வருகின்றன. வாயிலை அடைத்ததும் பதற்றத்தில் சூடு ஏறி, மெழுகு இளகி, அடை அறுந்து விழுகிறது. ஓர் உறுப்பினர் வாயிலைத் துணியால் இறுக அடைத்து, வெயில் ஏறிய பிறகு புறப்பட்டதில் நல்ல தேனீக் குடும்பம் ஒன்று மூச்சுமுட்டி அழிந்தது. அந்த வருத்தம் நம் எல்லோருக்கும் உண்டு. இருட்டிய பிறகு, எல்லாத் தேனீக்களும் உள்ளே வந்ததும், கம்பிவலையால் மூடுங்கள். விடிவதற்குள் போய்ச் சேருங்கள். தேன் அறையை முன்னதாகவே எடுத்துவிட்டால் கனமும் குறையும். அடிப்பலகையிலிருந்து மேல்மூடி வரை பட்டையால் இறுக்கி, அடைகளைத் தாங்கும் சட்டங்கள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும்படி ஏற்றினால், பிரேக் போடும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதாது. ஓட்டுநருக்கும் ஒரு முகவலை கொடுங்கள்.

புதிய இடத்தில் வாயிலைத் திறக்கும்போது முன்னால் இலையுள்ள கிளை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் தேனீ தடுமாறி நின்று, சுற்றிப் பறந்து இடத்தைப் புதிதாக மனத்தில் வாங்கிக்கொள்ளும். ராணி இருக்கிறதா என்று உடனே திறந்து பார்க்க வேண்டாம். பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீயை அதிகம் தொந்தரவு செய்தால் பெட்டியை விட்டே ஓடிவிடும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். காலில் மகரந்தத்தோடு வேலைக்காரத் தேனீக்கள் உள்ளே போவது வெளியிலிருந்தே தெரியும்; ராணி நலமாக இருப்பதற்கு அது நல்ல அறிகுறி.

இரவில் கூப்பிட்டபோதெல்லாம் பெட்டி தூக்க வந்த உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. இறுக்கும் பட்டைகளும் கம்பிவலையும் சங்கப் பொதுப் பணத்தில் வாங்கி, வேண்டியவர்களுக்கு இரவல் தர பொதுக்குழு அனுமதிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
செயலாளர்